சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசி: வலி அதனால்தானா?

கேள்வி | 4 பிப்ரவரி 2024

எனக்கு சிசேரியன் நடந்து நாலு வருஷம் ஆகிறது. முதுகில் ஊசி போட்ட இடத்தில் இன்னும் வலி இருக்கிறது. குனிந்து குடம் தூக்க முடியவில்லை. என் அக்காவுக்கும் இதே கதைதான். எங்கள் தெருவில் சிசேரியன் ஆன பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். இப்போது மறுபடியும் ஐந்து மாதம். இந்த முறை ஊசி வேண்டாம், முழு மயக்கம் கொடுங்கள் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். கேட்டால் கொடுப்பார்களா?

4 பிப்ரவரி, இரவு 10.15

ஊசி காரணமல்ல. 19 வருடமாக மயக்க மருத்துவராக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் பிரசவத் தியேட்டரிலேயே கழிந்தது. இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது.

சிசேரியனுக்கு இப்போது போடும் ஊசி 25 அல்லது 27 கேஜ். கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியது. ரத்தப் பரிசோதனைக்குக் கையில் குத்துவார்களே, அதைவிட மெல்லியது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடும். நாங்கள் குத்துவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் நாலுக்கும் இடையில், அல்லது நாலுக்கும் ஐந்துக்கும் இடையில். அங்கே நரம்புகள் இழை இழையாக நீரில் மிதந்துகொண்டிருக்கும். குத்திய இடத்தில் நாலைந்து நாள் வலி இருக்கும், அது உண்மை. நாலு வருடம் இருக்காது.

கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளின் பிணைப்புத் தளரும். வயிறு முன்னால் இழுக்கும். பிறகு குழந்தையைக் குனிந்து தூக்குவது, தோளைச் சுருக்கிக்கொண்டு பாலூட்டுவது, தூக்கமில்லாத ராத்திரிகள். ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் இடுப்பு வலிக்கும். வலியைக் கட்டிவைக்க ஒரு ஊசி இல்லாததால் அவர்கள் அதைப் பேசுவதில்லை.

முதுகுவலிக்குப் பயந்து முழு மயக்கம் கேட்காதீர்கள். கர்ப்பிணிக்குத் தொண்டையும் மூச்சுக்குழாயின் நுழைவும் வீங்கியிருக்கும். மூச்சுக்கான குழாய் போடுவது கடினம். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் அதிகம்.

5 பிப்ரவரி, காலை 6.30

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். இந்தப் பயம் தெருவில் மட்டும் பிறந்ததல்ல. 1990இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிரசவமான 11,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் தபாலில் கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டார்கள். பிரசவ வலி தெரியாமலிருக்க எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் முதுகு ஊசி) போட்டுக்கொண்டவர்களிடம் நாள்பட்ட முதுகுவலி கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில், வலி வருவதற்கு முன்பே திட்டமிட்டு சிசேரியன் செய்துகொண்டவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. மரத்துப்போன உடம்போடு மணிக்கணக்கில் கோணலாகப் படுத்திருந்ததுதான் காரணமாக இருக்கும் என்று அவர்களே எழுதினார்கள். பின்னால் வந்த, பெண்களைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

அதனால் உங்கள் தெருப் பெண்களைப் பார்த்து "மூடநம்பிக்கை" என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது.

6 பிப்ரவரி, மதியம் 2.40

"கால் விளங்காமல் போகாதா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

போயிருக்கிறது. 1947 அக்டோபர் 13, இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு. ஒரே நாள், ஒரே மருத்துவமனை, ஒரே மயக்க மருத்துவர். உல்லி, ரோ என்ற இரண்டு ஆண்கள் சாதாரண ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்டார்கள். இருவருக்குமே இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. மருந்துக் குப்பிகளை ஃபீனால் என்ற கிருமிநாசினியில் ஊறவைத்திருந்தார்கள், கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாக அது உள்ளே போயிருக்கும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மருத்துவரின் கவனக்குறைவு இல்லை என்று தீர்ப்பானது. பல ஆண்டுகள் கழித்து, ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்கவைத்த பாத்திரத்தைச் சுத்தம் செய்த அமிலம் தங்கிவிட்டிருக்கலாம் என்று வேறொரு விளக்கமும் வந்தது. எதுவானாலும் கெடுதல் செய்தது குத்தல் இல்லை, உள்ளே போன அசுத்தம். அந்த ஒரு வழக்குக்குப் பிறகு பிரிட்டனில் பல வருடம் இந்த ஊசியைத் தொடவே தயங்கினார்கள்.

இன்று குப்பி, ஊசி, சிரிஞ்சு எல்லாம் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது. பிரிட்டனில் ஒரு வருடத்தில் போடப்பட்ட சுமார் 7 லட்சம் முதுகு ஊசிகளைக் கணக்கெடுத்து 2009இல் வெளியிட்டார்கள். எபிடியூரலையும் சேர்த்த கணக்கு அது. நிரந்தரப் பாதிப்பு லட்சத்துக்கு இரண்டிலிருந்து நாலு பேர். அவர்களிலும் பிரசவப் பெண்கள் குறைவு. பூஜ்யம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊசி போட்ட மரமரப்பு வழக்கமாக நாலைந்து மணி நேரத்தில் விடும். விடாமல் இருந்தாலோ, விட்டபின் மறுபடி கால் கனத்தாலோ, முதுகில் கடும் வலி வந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி மூன்று மணியானாலும் எழுப்புங்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் கால் பிழைக்கும்.

8 பிப்ரவரி, இரவு 11.50

முதுகைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த ஊசி உண்மையில் தருவது தலைவலி. அதை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

இந்த மயக்க முறையை முதலில் செய்தவர் ஆகஸ்ட் பியர். ஜெர்மனியில் கீல் நகரம், 1898 ஆகஸ்ட். சில நோயாளிகளுக்குச் செய்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள 24ஆம் தேதி தன் முதுகையே உதவியாளர் ஹில்டெப்ராண்டிடம் கொடுத்தார். ஊசி சரியாக உள்ளே போனது. ஆனால் சிரிஞ்சு அதில் பொருந்தவில்லை. தண்டுவட நீர் நிறைய வெளியே போய்விட்டது. அப்புறம் பியர் உதவியாளருக்குப் போட்டார். அவர் காலில் சுத்தியலால் அடித்தார், சுருட்டால் சுட்டார். வலிக்கவில்லை. இருவரும் சாப்பிட்டு, ஒயின் குடித்து, சுருட்டுப் பிடித்துவிட்டுப் படுக்கப் போனார்கள். அதன்பின் பியருக்கு ஒன்பது நாள் தலைவலி, தலைசுற்றல். படுத்தால் போய்விடும், எழுந்தால் வந்துவிடும். அதை அவரே எழுதிவைத்தார்.

இன்றுவரை இந்தத் தலைவலிக்கு அடையாளம் அதுதான். தண்டுவட உறையில் விழுந்த துளை வழியாக நீர் கசிகிறது. உட்கார்ந்தால் மூளை தாங்கலின்றிக் கீழே இழுபடுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்குள் ஆரம்பிக்கும். உறையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும் பென்சில் முனை ஊசிகள் வந்தபிறகு நூற்றில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிட்டது. எபிடியூரல் ஊசி பருமனானது. அது கைதவறி உறையைத் துளைத்துவிட்டால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தியேட்டரில் 23 கேஜ், வெட்டுமுனை ஊசிதான் கிடைக்கும். ஒரு பள்ளி ஆசிரியை. இரண்டாம் நாள் ரவுண்ட்ஸில் தலை வலிக்கிறது என்றார். "குழந்தை தூங்கவிடலையா? தூக்கம் இல்லாட்டி அப்படித்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். நாலாம் நாள் சிஸ்டர் வந்து சொன்னார், அந்த அம்மா படுத்தபடியே பால் கொடுக்கிறார், உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் வாந்தி எடுக்கிறார் என்று. அவர் கையிலிருந்தே 15 மில்லி ரத்தம் எடுத்து, ஊசி போட்ட இடத்தில் உறைக்கு வெளியே செலுத்தினோம். ரத்தம் உறைந்து துளையை அடைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, "பிள்ளையைக் குடுங்க" என்றார். இரண்டு நாள் முன்னாடியே செய்திருக்கலாம். எழுந்தால் வலிக்கிறதா, படுத்தால் வலிக்கிறதா என்ற ஒரே கேள்வியை நான் கேட்கவில்லை.

9 பிப்ரவரி, காலை 7.05

"24 மணி நேரம் தலையணை வைக்காமல் படுத்திருந்தால் தலைவலி வராது என்றார்களே?" என்று கேட்டவருக்கு: நானும் பத்து வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தவறு. படுத்தே கிடப்பதால் இந்தத் தலைவலி வராமல் தடுக்க முடியாது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். வந்தபின் படுத்தால் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். பிரசவமான பெண்ணை அசையாமல் கிடத்தினால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். இன்னும் பல வார்டுகளில் தலையணையைப் பிடுங்குகிறார்கள்.

காபி பற்றியும் ஒருவர் கேட்டார். கொஞ்ச நேரத்துக்குக் கேட்கும். விரிந்த ரத்தக்குழாய்களைக் காபியில் இருக்கும் காஃபின் சுருக்கும். துளையை அடைக்காது.

9 பிப்ரவரி, காலை 7.40

ரத்தத்தை வைத்து அடைக்கும் யோசனை 1960இல் கார்ம்லி என்ற அமெரிக்க அறுவை மருத்துவருடையது. ஊசி போடும்போது ரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக வருகிறது என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கணிப்பைப் பிறகு சோதித்துப் பார்த்தபோது சரியாக வரவில்லை. ஆனால் அதிலிருந்து பிறந்த வைத்தியம் நின்றுவிட்டது. எனக்கு இது மிகவும் பிடித்த கதை.

11 பிப்ரவரி, மாலை 5.20

"தியேட்டரில் என் மகளுக்குக் கை கால் உதறியது, ஜன்னி என்று பயந்துவிட்டோம்" என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார்.

ஜன்னி இல்லை அம்மா. ஊசி போட்டதும் கால் பக்கத்து ரத்தக்குழாய்கள் விரிந்து உடம்பின் நடுச்சூடு அங்கே போய்விடுகிறது. மேலே ஏசி வேறு. மரத்துப்போகாத மேல்பாதி உடம்பு சூட்டை மீட்க நடுங்குகிறது. டிரிப்ஸை இதமாகச் சூடாக்கிக் கொடுத்தாலும், போர்த்தினாலும், சின்ன அளவில் ஒரு மருந்து கொடுத்தாலும் நின்றுவிடும்.

இதைவிட முக்கியமானது முதல் பத்து நிமிடத்தில் வரும் குமட்டல். குழாய்கள் விரிவதால் பிரஷர் விழுகிறது. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். அதனால்தான் இடப்பக்கம் சற்றே சாய்த்துப் படுக்கவைக்கிறோம். பிரஷர் கருவி இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளக்கும். அதற்கு முன்பே பெண்ணுக்குத் தெரிந்துவிடும். "ஒரு மாதிரியா வருது டாக்டர்" என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கருவியைப் பார்ப்பதற்குள் கை மருந்துக்குப் போய்விடும். தொந்தரவு பண்ணுகிறோமோ என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

15 பிப்ரவரி, இரவு 9.30

இந்தக் கேள்வி-பதில் இழை சிசேரியனை விட்டு விலகிப் போகிறது, பரவாயில்லை. "வெறும் வயிறு என்று ஏன் இத்தனை கெடுபிடி? என் அப்பாவுக்கு ஒரு வாய் டீ குடித்ததற்காக ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள்" என்று கோபமாக ஒருவர் எழுதியிருக்கிறார்.

தள்ளிவைத்தவருக்கு நன்றி சொல்லுங்கள். குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஒரு இளைஞன். "எதுவும் சாப்பிடலையே?" என்று மூன்று பேர் கேட்டோம். இல்லை என்றான். மயக்கம் கொடுத்தவுடன் வாய் நிறைய வந்தது. பன், பால் டீ. பல்ஸ் ஆக்சிமீட்டரின் ஒலி ஆக்சிஜன் குறையக் குறையக் கனத்துத் தாழும். 1974இல் ஜப்பானில் அவோயாகி என்ற பொறியாளர் கண்டறிந்த வழிதான் அந்தக் கருவிக்கு அடிப்படை. எண்ணைப் பார்க்காமலே அந்த ஒலியில் எல்லாம் தெரிந்துவிடும். உறிஞ்சி எடுத்தோம், குழாய் போட்டோம், மூன்று நாள் வென்டிலேட்டர். பிழைத்தான். வெளியே அவன் அப்பா, "பசியில மயங்கிடுவானேன்னு நான்தான் வாங்கிக் குடுத்தேன். டீதானே சார்" என்றார். அவரிடம் நான் கோபப்படவில்லை. ஏன் சாப்பிடக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தோம்.

1946இல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 44,016 பிரசவங்களின் கணக்கை வெளியிட்டார். 66 பேருக்கு வயிற்றில் இருந்தது நுரையீரலுக்குள் போயிருந்தது. திட உணவு அடைத்து இருவர் மூச்சுத்திணறி இறந்தார்கள். கட்டி உணவு அடைக்கும், அமிலம் சுடும். மயங்கிய உடம்புக்கு இருமத் தெரியாது.

16 பிப்ரவரி, காலை 6.10

அதற்காக முந்தின ராத்திரி 9 மணியிலிருந்து மறுநாள் மதியம் வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் போடுவதும் தப்பு. தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். இட்லி, பால், பால் கலந்த டீ, காபிக்கு 6 மணி நேரம். பொரித்தது, கறி என்றால் 8. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 4. சர்க்கரை நோய், கர்ப்பம் என்றால் உங்கள் மயக்க மருத்துவரிடம் நேரத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தவறிப்போய்க் குடித்துவிட்டால் சொல்லிவிடுங்கள். திட்டுவோம், ஆபரேஷன் நாளைக்குப் போகும். அவ்வளவுதான்.

20 பிப்ரவரி, இரவு 12.35

8ஆம் தேதி தலைவலியைப் பற்றி எழுதிவிட்டு நான் தூங்கவில்லை. பாதிதான் சொன்னேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஆசிரியைக்குப் பிறகு எழுந்தால் வலி, படுத்தால் சுகம் என்ற கேள்வியை எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தேன். பல வருடம் கழித்து ஒரு 24 வயதுப் பெண், தலைச்சன் பிரசவம். இரண்டாம் நாள் தலைவலி. கேட்டேன். எழுந்தால் வலி, படுத்தால் இல்லை. சந்தேகமே இல்லை. மாத்திரை கொடுத்தோம், வலி குறைந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். "ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றேன்.

எட்டாம் நாள் படுத்தாலும் வலித்திருக்கிறது. கணவர் வார்டுக்குப் போன் செய்தார். ஊசித் தலைவலிதான், டாக்டர் சொல்லிவிட்டார் என்று பதில் கிடைத்தது. ஒன்பதாம் நாள் ராத்திரி இடது கை மட்டும் இழுத்தது, பிறகு உடம்பு முழுக்க வலிப்பு. ஸ்கேனில் மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் சிரைக்குழாயில் கட்டி. ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து கொடுத்தார்கள். பிழைத்துவிட்டாள். இடது கை தேற மாதங்கள் ஆயின.

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ரத்தம் எளிதாக உறையும். உடம்பில் நீர் வற்றினால் இன்னும் எளிது. அவள் மாமியார் நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் கொடுத்திருக்கிறார். "பச்சை உடம்புக்குத் தண்ணி ஆகாதுன்னு எங்க அம்மா சொல்லுவாங்க, வயிறு போட்டுடும்னு. நான்தான் கெடுத்தேனா டாக்டர்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் மட்டும் இல்லை அம்மா என்று சொல்லத்தான் எனக்கு முடிந்தது. வலியின் குணம் மாறினால் உடனே வாருங்கள் என்று நான் அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பவில்லை. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள் என்றும் கேட்கவில்லை. என் முடிவு சீட்டில் எழுதியிருந்ததால் போனை எடுத்தவரும் யோசிக்கவில்லை.

பிரசவமானவள் தாகம் தீரத் தண்ணீர் குடிக்கலாம், குடிக்க வேண்டும். பாலும் அதிலிருந்துதான் வருகிறது. தலைவலி படுத்தாலும் நிற்காமல் போனால், பார்வை மங்கினால், வலிப்பு வந்தால், ஒரு கையோ காலோ வலுவிழந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், பிரஷர் ஏறியிருந்தால் அதை ஊசித் தலைவலி என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். நான் சொன்னாலும்தான்.

21 பிப்ரவரி, காலை 6.50

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். தண்டுவட நீர் கசிந்து அழுத்தம் குறையும்போது மூளையின் சிரைக்குழாய்கள் விரிந்து ரத்த ஓட்டம் மந்தமாகும். உறைவதற்கு அதுவும் வழிசெய்யும். அந்தப் பெண்ணுக்கு வந்ததில் என் ஊசித் துளைக்கும் பங்கு இருந்திருக்கலாம். "ஊசி காரணமல்ல" என்று இந்த இழையை ஒரே வரியில் ஆரம்பித்தேன். உங்கள் நாலு வருட முதுகுவலிக்கு அதை மாற்ற மாட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் அந்த வரி செல்லாது.

22 பிப்ரவரி, இரவு 8.45

கேள்வி கேட்ட சகோதரிக்கு. உங்களிடம் வலியைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் பதில் சொல்லிவிட்டேன் என்பது இப்போதுதான் உறைத்தது. எந்த இடம், எப்போது கூடுகிறது, கால் வரை ஓடுகிறதா, மரத்துப்போகிறதா?

23 பிப்ரவரி, மதியம் 1.30

பதில் பார்த்தேன். நடுமுதுகில் இல்லை, வலப்பக்கம், பிட்டத்துக்கு மேலே உள்ள குழியில். கட்டிலில் புரளும்போதும், ஒற்றைக் காலில் நின்று சேலை கட்டும்போதும் சுள்ளென்கிறது. காலுக்கு ஓடவில்லை, மரப்பு இல்லை. நாங்கள் குத்துவது நடுவில். நீங்கள் சொல்லும் இடத்தில் இருப்பது இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடியும் சேரும் மூட்டு. கர்ப்பத்தில் தளரும் மூட்டுகளில் ஒன்று அது. நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிசியோதெரபி தெரிந்தவரிடம் இந்த மாதமே காட்டுங்கள், எட்டாம் மாதம் வரை இழுக்க வேண்டாம். இப்போதைக்குக் குடத்தை வலப்பக்க இடுப்பில் வைக்காதீர்கள்.

ஏழாம் மாதத்தில் மயக்க மருத்துவரைத் தனியாகப் பார்க்கக் கேளுங்கள். போன தடவை ஊசி எத்தனை முறை குத்தினார்கள், தலைவலி வந்ததா, பிரஷர் இறங்கியதா என்பதை எல்லாம் சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். 25 கேஜ் பென்சில் முனை ஊசி இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.